சம்பந்தி வீட்டுக் குடலேத்தம்

நவம்பர் 12, செவ்வாய்

இரண்டாம் ஆண்டு விலங்கியல் விடைத்தாள்கள். உதரவிதானம் என்ற சொல்லை ஒருவன் 'உதிரவிமானம்' என்று எழுதியிருக்கிறான். ரத்தத்தில் பறக்கும் ஏதோ ஒன்று. அரை மதிப்பெண் போட்டேன், பறக்க முயன்றதற்காக.

நாளை வாணிக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். மாப்பிள்ளை பகலவன் வருகிறார். கூடவே அவர் அம்மா ராணியம்மாளும் கச்சிராயபாளையத்திலிருந்து வருகிறாராம். ஸ்கேனுக்கு எதற்கு இத்தனை பேர் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கல்யாணம் ஆகி இரண்டு வருடத்தில் சம்பந்தியிடம் நான் பேசியதெல்லாம் 'வாங்க', 'சாப்பிட்டீங்களா', 'வரேன்'. அவர் பேசியதை எழுத இந்த டைரி போதாது.

நவம்பர் 13, புதன்

டாக்டர் முஹ்சினா பேசிக்கொண்டே ஸ்கேன் பார்ப்பவர். இதோ கை, இதோ கால், இதோ முதுகெலும்பு. நெஞ்சுக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இடது பக்க உதரவிதானத்தில் ஓட்டை. (நேற்று அந்தச் சொல்லைப் பார்த்துச் சிரித்தேன்.) இரைப்பையும் குடலும் அந்த ஓட்டை வழியாக நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இதயத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டன. நுரையீரல் வளர இடமில்லை. வயிற்றுக்குள் இருக்கும்வரை கவலையில்லை, வாணி அதற்கும் சேர்த்து மூச்சு விடுகிறாள். பிறந்த பிறகுதான். கடுமையான வகை என்றார். சென்னையில் காட்டச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் சம்பந்தியம்மாவுக்கு விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. உதரவிதானம் என்றால் புரியாதே என்று எளிமையாகச் சொன்னேன்: "வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கிற தடுப்புல ஓட்டை. குடல் மேல ஏறிடுச்சு."

அவர் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "அட இன்னா சம்மந்தி, குடலேத்தம்னு ஒரே வார்த்தையில சொல்றதுக்கென்ன. இதுக்கா இப்புடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்க?"

பால் கக்குகிற குழந்தைக்குக் குடல் ஏறிக்கொண்டது என்று சொல்லி, விளக்கெண்ணெய் தடவி, வயிற்றைத் தட்டி 'இறக்குகிற' வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. கல்வராயன் மலையில் கரியாலூர் சாலம்மாள் அதில் பேர் போனவராம். மாப்பிள்ளைக்கே சின்ன வயதில் தட்டியிருக்கிறாராம். சாலம்மாள் ரெண்டு தட்டு தட்டினால் எறங்கிடும் என்றார் சம்பந்தி.

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. சேர்த்துப் பார்த்தால் முழுப் பொய்.

நவம்பர் 14, வியாழன்

கச்சிராயபாளையத்தில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்களாம். என் புண்ணியம்.

நவம்பர் 22, வெள்ளி

சென்னை. பெரிய டாக்டர் நிதானமானவர், காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார். சும்மா விட்டால் இந்த அளவுக்கு நுரையீரல் சுருங்கிய குழந்தைகளில் பத்தில் ஒன்றிரண்டுதான் பிழைக்கும். இன்னொரு வழி, ஏழாம் மாதம் முடிகிற சமயத்தில் வாணியின் வயிற்றில் சின்னத் துளை போட்டு, மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டு, குழந்தையின் வாய் வழியாக மூச்சுக்குழாயில் ஒரு குட்டி பலூனை வைத்து அடைப்பது. நுரையீரலில் ஊறும் திரவம் வெளியேற முடியாமல் தேங்கி, நுரையீரலை உள்ளிருந்தே விரிக்கும். ஒன்றரை மாதம் கழித்து அதை எடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் பத்தில் நான்கு பிழைக்கலாம் என்கிறது ஓர் ஆய்வு. பிறந்த பிறகு ஓட்டையை அடைக்கும் ஆப்பரேஷன் தனி.

கேள்வி உண்டா என்றார். என்னிடம் ஒரு பக்கம் நிறையக் கேள்விகள் இருந்தன. சம்பந்தி முந்திக்கொண்டார்: "அது கேஸ் பலூனா சார், ஊதுற பலூனா?"

டாக்டர் சிரிக்கவில்லை. உள்ளே திரவம்தான் நிரப்புவோம் என்றார். சம்பந்தி மாப்பிள்ளையிடம் திரும்பி, "தண்ணி பலூன்" என்று மொழிபெயர்த்தார். அடுத்து, நடுவில் ஒரு நாள் குடல் தட்டிக்கொள்ளலாமா என்றார். எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. வாணி வயிற்றில் யாரும் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். சம்பந்தி சந்தேகப்படும் அளவுக்கு அடக்கமாகத் தலையாட்டினார்.

திரும்பும்போது வாணிக்கு எல்லா எண்களையும் மறுபடி சொன்னேன். பத்தில் நான்கு என்பது பாதிக்கும் கம்மி, வாக்குறுதி இல்லை, உனக்கும் ஆபத்து உண்டு, சீக்கிரமே வலி வந்துவிடலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நாப்பது பாஸ் மார்க் தானேம்மா?"

எங்கள் கல்லூரியில் நாற்பதுதான் பாஸ் மார்க்.

டிசம்பர் 9, திங்கள்

பலூன் வைத்த நாளிலிருந்து எடுக்கும் நாள்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது உள்ளே இருக்கும்போது பிரசவ வலி வந்துவிட்டால் மூச்சுக்குழாய் அடைத்தபடியே குழந்தை பிறக்கும். உடனே எடுக்கத் தெரிந்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஓர் அறை பிடித்தாயிற்று. நான் நீண்ட விடுப்பு. இவருக்கு, வாணியின் அப்பாவுக்கு, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஆய்வகம், அரவைக் காலத்தில் நகர முடியாது. மாப்பிள்ளைக்குக் கரும்பு வெட்டு, ஞாயிறுதோறும் வருவார்.

நானும் வாணியும் மட்டும் என்று நினைத்திருந்தேன். சம்பந்தி போனில் சொன்னார்: "நானும் பொட்டி கட்டிட்டேன்."

டிசம்பர் 30, திங்கள்

வைத்தாயிற்று. அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்கிறார்கள். எனக்கு வேறு கணக்கு.

வாணி விழித்திருந்தாள். குழந்தை அசையாமலிருக்க அதற்குத் தனியாக ஊசி. டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக உட்கார்ந்திருக்கிறது என்றார். உட்கார்ந்தது பலூன். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். சம்பந்தி நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"சார், எங்க யாருக்கும் கெடைக்காத பாக்கியம், நீங்கதான் கொயந்தையப் பாத்துட்டு வந்திருக்கீங்க. யாரு ஜாடை?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "நான் வாய்க்குள்ளதாம்மா பார்த்தேன்," என்றார். "நாக்கு, அண்ணம், குரல்வளை. எல்லாம் நல்லா இருக்கு."

"அண்ணம் யாரு மாதிரி?"

வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

சாயந்தரம் இவர் போன். "பலூன் எப்படி இருக்கு?" என்றார். இருக்கிறது என்றேன். வைத்துவிட்டார்.

ஜனவரி 6, திங்கள்

சம்பந்தியோடு ஒரே அறையில் ஒரு வாரம். சில குறிப்புகள்.

அவர் பல் தேய்க்கும்போதும் பேசுகிறார். என் சாம்பாரில் காரம் கம்மி, என் துணி மடிப்பில் மடிப்பு ஜாஸ்தி. நான் புத்தகம் எடுத்தால் தலை வலிக்கிறதா என்று கேட்கிறார்.

ஊரிலிருந்து நாளெல்லாம் போன். குழந்தை பலூனை முழுங்கிவிட்டது என்பது கச்சிராயபாளையத்தில் இப்போதைய நிலவரம். வாணி ஏன் பலூனைச் சாப்பிட்டாள் என்று அவர் நாத்தனார் கேட்டாராம். யாரோ ஒருவர், பிறந்த பிறகு குழந்தை மேலே பறக்காதே என்று விசாரித்தாராம். சம்பந்தி ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, ஆரம்பத்திலிருந்து, தண்ணி பலூன் என்று விளக்குகிறார். ஒவ்வொரு முறையும் விளக்கம் கொஞ்சம் திருந்திக்கொண்டே வருகிறது. இன்று மத்தியானம் சொன்னதில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. என் மாணவர்கள் யாரும் ஒரு வாரத்தில் இவ்வளவு தேறியதில்லை.

ஜனவரி 10, வெள்ளி

இவர் போன். பலூன் எப்படி இருக்கு. தினமும் இதே கேள்விதான், குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முதலில் கோபம் வந்தது. இன்று புரிந்தது. குழந்தை என்று சொல்லப் பயம் அவருக்கு. பலூனுக்கு ஏதாவது ஆனால் தாங்கிக்கொள்ளலாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மின்சார அடுப்பில். பால் பொங்கும் நேரம் பார்த்து அடுப்பு தானாக அணைந்துகொண்டது. சம்பந்தி பாத்திரத்தைச் சாய்த்து ஒரு ஓரமாக வழியவிட்டு, பொங்கிடுச்சு என்று அறிவித்தார். வாணி அடக்க முடியாமல் சிரித்தாள். வயிறு குலுங்கக் கூடாது என்று இருவருமாக அவளை அதட்டினோம். நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம்.

ஜனவரி 22, புதன்

மருந்து வாங்கப் போய்த் திரும்பினேன். மாடிப்படியிலேயே விளக்கெண்ணெய் வாசம்.

ஏறி ஓடினேன். வாசலில் முன்பின் பார்த்திராத செருப்பு. உள்ளே கட்டில் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வயதான அம்மாள், முழங்கைவரை எண்ணெய். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கை எடுங்க, யாரு நீங்க, அறிவிருக்கா, இதுமாதிரி.

"அம்மா," என்றாள் வாணி. குரல் ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றபடி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் படுத்திருந்தது சம்பந்தி. புடவையை ஒதுக்கி, வயிறு முழுக்க எண்ணெய், கண்ணை மூடி, கோயிலில் நிற்கும் முகத்தோடு.

"வாணி வயித்துலதானே கை வெக்கக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு," என்றார், கண்ணைத் திறக்காமல். "என் வயித்த ஒன்னும் சொல்லலியே. எல்லாம் ஒரே வம்சக் குடல்தான்."

சாலம்மாள் கரியாலூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். கூச்சமில்லாத ஆள். தான் தட்டாத குழந்தையே மலையில் இல்லை என்றார். சென்னை டீ டீயே இல்லை என்றார். ஆள் மாற்றித் தட்டினால் பலிக்குமா என்று வாணி கேட்டதற்கு, இதுவரை தட்டினதில்லை, தட்டினால் பலிக்கும் என்றார். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இவ்வளவு உறுதியான முடிவுரை படித்ததில்லை.

மன்னிப்புக் கேட்டேன். சம்பந்தி, "நீங்க கத்துவீங்கன்னே தெரியாது சம்மந்தி, நல்லா கத்துறீங்க," என்றார். பாராட்டுப் போலத்தான் இருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

காலையிலிருந்து வாணிக்கு வயிறு கல்லாகிக் கல்லாகி விடுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். மருந்து ஏறுகிறது. நிற்காவிட்டால் இன்றே பலூனை எடுத்துவிடுவார்களாம். எட்டாம் மாதம் முடியவில்லை. நுரையீரல் விரிந்தது போதுமா? போதாதா? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தால்தானே. நாப்பதுன்னு சொன்னியே வாணி — அந்த நாப்பதாவது இருக்கா இப்ப? எழுத முடியல.

ஜனவரி 29, புதன்

வலி குறைந்திருக்கிறது. நின்றது என்று சொல்ல மாட்டார்கள், குறைந்தது. மாப்பிள்ளை விடியற்காலை வந்துவிட்டார். வார்டில் ஒருவர்தான் இருக்கலாம் என்று எங்கள் இருவரையும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

காலை பத்து மணிக்கு நானும் சம்பந்தியும் இரண்டு கட்டிலில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். அவர் பேசவில்லை. அது பயமாக இருந்தது.

கடைசியில் வாயைத் திறந்தார். "ஒன்னு சொல்லுவேன், கோச்சிக்கக் கூடாது. அன்னிக்கு எங்க பக்கம் மட்டும்தான் தட்டுனது. உங்க பக்கம் தட்டல. பாதி எறங்கி பாதி நின்னுக்கினு இருக்குது போல."

பாதி தகப்பன் வழி, பாதி தாய் வழி. வருடா வருடம் இதைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன். சரியாகச் சொன்னால் பாட்டிக்குக் கால் பங்குதான். திருத்த வாயெடுத்தேன். அப்புறம் தாத்தாக்களையும் படுக்கச் சொல்வார் என்று தோன்றி விட்டுவிட்டேன்.

படுத்துக்கொண்டேன். ஏன்? தெரியவில்லை. வேறு செய்வதற்கு எதுவும் இல்லை.

சாலம்மாள் மலைக்குத் திரும்பிவிட்டதால் வீடியோ கால். கரியாலூரில் சிக்னல் கிடைக்கும் இடம் பஸ் நிறுத்தம், பின்னால் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். என் வயிறு அங்கே தெரியக் கூடாது என்று நிபந்தனை போட்டேன். சம்பந்தி போனைச் சுவர் பக்கம் திருப்பித் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்தார். சாலம்மாள் எங்கள் அறைச் சுவரைப் பார்த்தபடியே வழிநடத்தினார். எண்ணெய் எடு. வலப்பக்கமா சுத்து. "தொப்புளுக்கு மேல நாலு விரக்கடை வுட்டு, அப்புறமா மெதுவா—"

சிக்னல் போய்விட்டது.

அப்புறம் மெதுவாக என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சம்பந்தியின் கை என் வயிற்றில் இருந்தது. கரும்புத் தோட்டத்துக் கை, சொரசொரப்பு, சூடு. அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

"குடலேத்தம் இல்லன்னு எனக்குத் தெரியும் சம்மந்தி," என்றார். "அந்த ஸ்கேன் டாக்டரம்மா மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும். அதுக்கு வேற பேரு வாயில வரல."

நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொழச்சிக்குமா?"

எண்கள் எல்லாம் தொண்டைவரை வந்தன. பத்தில் இத்தனை, இத்தனையாவது வாரம் என்றால் இத்தனை. "பொழச்சிக்கும்," என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல்.

போன் உயிர் பெற்று, சாலம்மாள் சுவரைப் பார்த்து அதட்டினார்: "இன்னா, ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா?"

பிப்ரவரி 1, சனி

வலி நின்றுவிட்டது. மருந்தால். மருந்தால்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பலூனை எடுத்துவிட்டார்கள். நுரையீரல் முன்பைவிட நன்றாக விரிந்திருக்கிறது. ஆனால் நன்றாக என்பது போதுமானதா என்பது பிறந்த பிறகுதான்.

சாயந்தரம் இவர் போன். பலூன் எப்படி இருக்கு என்றார். எடுத்தாச்சு என்றேன். ஆலையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அப்ப நான் இனிமே எதை விசாரிக்கிறது?"

"உங்க இஷ்டம்."

இன்னும் கொஞ்சம் ஆலை இரைச்சல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, புதிதாக ஒருவரை அறிமுகம் செய்துகொள்வதுபோல, "குழந்தை எப்படி இருக்கு?" என்றார்.

மார்ச் 6, வியாழன்

பிறந்துவிட்டது. பெண்.

அழவில்லை. அழ விடக் கூடாதாம், காற்று குடலில் போய் நுரையீரலை நெருக்கும். பிறந்த கையோடு குழாய் போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். தள்ளுவண்டி எங்களைக் கடந்துபோன நேரத்தில் ஒரு காதும் கொஞ்சம் தலைமுடியும் பார்த்தேன். சம்பந்தி எதிர்ப்பக்கம் நின்றதால் அவர் பார்த்தது இன்னொரு காது. யார் ஜாடை என்று இன்றுதான் அவர் கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஓட்டையை அடைக்கும் ஆப்பரேஷன் இன்று. நாலு நாளாக உடம்பு நிலைக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். பச்சைத் தொப்பியோடு ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து, எங்கள் ஊர்ப் பக்கம் போலிருக்கிறது, பாட்டிகளுக்குப் புரியட்டும் என்று எளிமையாகச் சொன்னார்: "குடல எறக்கிட்டோம்மா. ஓட்டைய மூடியாச்சு."

சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் கரியாலூரிலிருந்து போன். சாலம்மாளுக்கு ஆச்சரியமே இல்லையாம். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, சிக்னல் கோளாறு என்றாராம்.

மார்ச் 17, திங்கள்

குழாய் இன்னும் இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

இன்னும் இருக்கிறது. மூச்சு இயந்திரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார்கள். மறுபடி கூட்டிவிட்டார்கள். சம்பந்தி என் சாம்பாரைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். திட்டுங்கள் என்று சொல்லலாம் போலிருந்தது.

மார்ச் 29, சனி

குழாயை எடுத்துவிட்டார்கள். மூக்கில் மட்டும் மெல்லிய காற்றுக்குழல். வாணி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அழுதாளா என்று கேட்டேன், குழந்தையைத்தான். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும் என்றாள்.

குழந்தை வார்டு மூன்றாம் மாடியில். நானும் சம்பந்தியும் கீழே வரிசை நாற்காலியில். கேட்க முடியாது என்று தெரிந்தும் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 24, வியாழன்

ஊருக்கு வந்துவிட்டோம். எடை மெதுவாகத்தான் ஏறும், சளி பிடிக்காமல் பார்க்க வேண்டும், அடிக்கடி காட்ட வேண்டும். மூக்கு மாப்பிள்ளை மாதிரி. அண்ணம் யார் மாதிரி என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டர் முஹ்சினா பழையபடி பேசிக்கொண்டே குழந்தையின் நெஞ்சை ஸ்கேன் பார்த்தார். நிறுத்தவே இல்லை.

பிறகு பேத்தியைக் கச்சிராயபாளையத்தில் விடக் கிளம்பினோம், நானும் சம்பந்தியும். வாணி வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. சொல்லிவைத்த கார் வரவில்லை. மத்தியான டவுன் பஸ், கூட்டமில்லை, ஏறிவிட்டோம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் குழந்தை ஆரம்பித்துவிட்டது. பசியில்லை, துணி ஈரமில்லை, பஸ் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். முகம் சிவந்து, காலை உதைத்து, ஓட்டுநர் கண்ணாடியில் திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல். ஒன்று முடிந்து இழுத்து மூச்சு வாங்கி அடுத்தது.

முன் சீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "யம்மா, எதையாச்சும் குடுத்து அது வாய அடைங்கம்மா."

"ஒரு வாட்டி அடச்சி வெச்சது போதும்," என்றார் சம்பந்தி. "நீ காத அடச்சிக்க."

முன் சீட்டுக்காரர் உதவிக்கு என்னைப் பார்த்தார். படித்தவள்போலத் தெரிந்திருப்பேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கரும்பைப் பார்க்க ஆரம்பித்தேன். இறங்கும்வரை கத்திக்கொண்டே வந்தாள்.